மூன்றாவது கண்ட்ரோலர்

2024 அக்டோபர் 6, ஞாயிறு. மாலை 6.40

டிவி ஒன்று. பெட்டி ஒன்று. கண்ட்ரோலர் மூன்று. ஆள் ஒன்று.

துரைப்பாக்கம், மூன்றாவது மாடி, 3பி. மூன்று பேர் எடுத்த வீடு. ஜெரின் கல்யாணம் ஆகிப் பெருங்களத்தூர் போய் ஒன்றரை வருடம். சாதிக் கல்யாணம் ஆகிப் பெங்களூர் போய் எட்டு மாதம். நான் எங்கும் போகவில்லை. போகக் காரணமில்லை, ஆபீஸ் பக்கம்.

பிரச்சினை எளிது. டிவி 4கே. அதில் செருகியிருக்கும் ஸ்ட்ரீமிங் பெட்டி ஐந்து வருடப் பழசு, 1080க்கு மேல் ஏறாது. படம் பார்க்கப் பரவாயில்லை. விளையாட உட்கார்ந்தால் கடல் கேழ்வரகுக் கூழ் மாதிரி தெரிகிறது. எது அலை, எது பாறை என்று தெரியாமல் கப்பலைக் கொண்டுபோய் முட்ட வேண்டியிருக்கிறது.

தீபாவளி எக்ஸ்சேஞ்ச் ஓடுகிறது. பழைய பெட்டியைக் கொடுத்தால் 4கே பெட்டி ஏறக்குறையப் பாதி விலை. 30ஆம் தேதி வரை. குறை இரண்டு. ஒன்று, 4கே முறையில் புதுப் பெட்டி இரண்டு கண்ட்ரோலரைத்தான் ஏற்கும். ஏன் என்று கம்பெனியைத்தான் கேட்க வேண்டும், முட்டாள்தனமான வடிவமைப்பு. இரண்டு, பழைய பெட்டிக்குள் சேமித்த விளையாட்டு புதுசுக்கு மாறாது.

சேமித்த விளையாட்டு என்பது அந்தக் கப்பல்தான். மூன்று பேர் இல்லாமல் ஓடாது. ஒருவன் சுக்கான் பிடிக்க வேண்டும், ஒருவன் எஞ்சினுக்குக் கரி போட வேண்டும், ஒருவன் ஓட்டை அடைக்க வேண்டும். பிப்ரவரியில், சாதிக்கை வழியனுப்ப ஜெரின் வந்திருந்த அன்று, கடைசிக்கு முந்தின கட்டத்தில் கலங்கரை விளக்கம் தெரிகிற இடத்தில் இருந்தோம். கீழே சாதிக்குக்கு டாக்ஸி வந்துவிட்டது. "பாஸ் போட்டு வை மச்சான், வந்து முடிச்சுருவோம்" என்று பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். அதே இடத்தில் நிறுத்தி, பாஸ் போட்டு வைத்திருக்கிறேன்.

3பிக்கு ஒரு சட்டம் உண்டு. பொதுப் பொருள் எதை வாங்கினாலும் தூக்கிப் போட்டாலும் வாட்ஸ்அப் குழுவில் ஓட்டு. மூன்றில் இரண்டு விழ வேண்டும். மிக்ஸி, கொசுவலை, ஜெரின் ஊரிலிருந்து கொண்டுவந்த கருவாடு (தோற்றது), எல்லாம் அப்படித்தான். பெட்டி பொதுப் பொருள். ஆகவே இன்று ஓட்டெடுப்பு வைத்தேன்: புதுசு, 4கே, இரண்டு கண்ட்ரோலர். அல்லது பழசு, மூன்று கண்ட்ரோலர்.

நான் இன்னும் போடவில்லை. அவர்கள் போட்ட பிறகு போடுவதுதான் முறை.

அக்டோபர் 7, திங்கள்

இரண்டு பேருக்கும் நீல டிக் விழுந்திருக்கிறது. ஓட்டு விழவில்லை.

பதில் வரவில்லை என்றால் சர்வர் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. நெரிசலாக இருக்கலாம். எங்கள் நெட்வொர்க் வேலையில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. பதில் வராத மெஷினை உடனுக்குடன் தட்டக் கூடாது. ஒரு நாள் கழித்து, பிறகு இரண்டு, பிறகு நான்கு, பிறகு எட்டு என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போய்த் தட்ட வேண்டும். அதற்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும்.

முதல் தட்டல்: "ஓட்டு?" என்று போட்டேன்.

தோசை மாவு ஒரு கிலோ பாக்கெட்டில்தான் வருகிறது. ஒரு ஆளுக்கு மூன்றாம் நாள் புளித்துவிடுகிறது. கடைக்காரரிடம் அரைக் கிலோ கேட்டேன். "பேச்சிலர் ரூம்லயே ஒரு கிலோ பத்தாதுன்னு ரெண்டா வாங்கிட்டுப் போவீங்களே தம்பி" என்றார். ஒரு கிலோவே வாங்கி வந்தேன்.

அக்டோபர் 9, புதன்

இரண்டாவது தட்டல். ஜெரின் கட்டைவிரல் ஒன்றைத் தூக்கிக் காட்டினான். எந்தப் பெட்டிக்கு? கேட்டேன். பதில் இல்லை. செல்லாத ஓட்டு.

மதியம் கஸ்டமர் கேருக்குப் போன் செய்து, மூன்றாவது கண்ட்ரோலரை இணைக்க மறைவாக ஏதாவது செட்டிங் உண்டா என்று கேட்டேன். எடுத்த பெண்ணுக்குக் கேள்வியே புரியவில்லை. எழுதி வைத்ததைப் படித்தாள்.

"சார், வீட்டுல எத்தனை பேர் யூஸ் பண்ணுவீங்க?"

"அது எதுக்கு உங்களுக்கு?"

"ரெண்டு பேருக்கு மேலன்னா இந்த மாடல் செட் ஆகாது சார். அதுக்குத்தான் கேக்குறேன். எத்தனை பேர் சார்?"

"மூணு" என்றேன்.

"அப்ப நீங்க பழசையே வச்சுக்கிறது பெட்டர் சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

விற்க வேண்டியவளே வேண்டாம் என்கிறாள். இந்தக் கம்பெனி உருப்படாது.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

ஆபீஸில் சர்வர் அறைக் கதவுக்குச் சந்தனம் வைத்தார்கள். ஆளுக்கு ஒரு பொரிப் பொட்டலம். போன வருடம் ஜெரினும் வந்திருந்தான், மூன்று கண்ட்ரோலருக்கும் நான்தான் குங்குமம் வைத்தேன். ஜெரின், "ஏசுவே, எனக்க கண்ட்ரோலருக்கு மட்டும் சின்னதா வையி" என்றான். சாதிக்குக்குக் குங்குமத்தைப் பற்றிக் கருத்து இல்லை, சுண்டல் எப்போது என்றுதான் கேட்டான்.

இந்த முறை வைக்கவில்லை. குங்குமம் பட்டன் இடுக்கில் போய் ஒட்டிக்கொள்கிறது, எடுப்பது பெரிய வேலை.

அக்டோபர் 13, ஞாயிறு

மூன்றாவது தட்டல். பதில் இல்லை.

பழைய பெட்டி மூன்று கண்ட்ரோலரை இன்னும் தாங்குகிறதா என்று சோதிக்க வேண்டியிருந்தது. அதற்கு மூன்றையும் ஒரே சமயத்தில் இயக்க வேண்டும். சுக்கானைக் கையில் பிடித்தேன். கரி போடுகிற கண்ட்ரோலரை மடியில் வைத்து முழங்கையால் அழுத்தினேன். ஓட்டை அடைக்கிறதைத் தரையில் வைத்து வலது கால் கட்டைவிரலால். கட்டைவிரல் நகத்தை முதலில் வெட்ட வேண்டியிருந்தது.

பெட்டிக்குப் பிரச்சினை இல்லை, மூன்றும் வேலை செய்கின்றன. கப்பல் பதினோரு முறை மூழ்கியது. கலங்கரை விளக்கத்தைத் தாண்டியதும் ஒரு பாறை. அந்த இடத்தில் கரியும் போட வேண்டும், ஓட்டையும் அடைக்க வேண்டும், இடப்பக்கம் ஒடிக்கவும் வேண்டும். சாதிக் அந்த இடத்தில் எப்போதும் "ஒடி ஒடி ஒடி" என்று கத்துவான். அதை ஒரு உதவி என்று அப்போது நினைத்ததில்லை.

4கே இருந்தால் பாறை முன்கூட்டியே தெரியும்.

அக்டோபர் 15, செவ்வாய்

காலையிலிருந்து மழை. வீட்டிலிருந்தே வேலை. பால்கனிக் கதவிடுக்கில் பழைய பனியனைத் திணித்தேன்.

11.20க்குக் குழுவில் ஒரு மெசேஜ். அனுப்பியவன் சாதிக். ஓட்டு என்று நினைத்தேன். "ஏற்காடு கன்ஃபார்ம்டா. வர்ற சனி, ஞாயிறு. ரெண்டு ரூம், ஜெரின், உன் பிள்ளைக்குத் தொட்டில் கேட்டிருக்கேன். பின்சிகிட்ட சொல்லிரு." அரை நிமிடத்தில் அது மறைந்தது. அந்த இடத்தில் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று நின்றது.

பின்சி ஜெரினின் மனைவி. அவர்களுக்குள் வேறு குழு ஒன்று இருக்கிறது. அதில் போட வேண்டியதைத் தவறி இதில் போட்டுவிட்டான். இரண்டு குழுவுக்கும் பெயர் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் நடக்கக்கூடிய சாதாரணத் தவறு. நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பனியன் நனைந்துவிட்டது. வேறு ஒன்றைத் திணித்தேன்.

அக்டோபர் 19, சனி

ஏற்காட்டில் டவர் சுமாராகத்தான் கிடைக்கும். மேப்பில் பார்த்தேன்.

அக்டோபர் 21, திங்கள்

நான்காவது தட்டல் இன்று. தட்டவில்லை. எக்ஸ்சேஞ்சுக்குப் பதிவு செய்தேன். 29, செவ்வாய் மாலை ஆள் வந்து புதுசைக் கொடுத்துவிட்டுப் பழசை எடுத்துப் போவான். குழுவில் எழுதினேன்: "ஓட்டு வராததால் முடிவை நானே எடுத்துவிட்டேன். 29ஆம் தேதி பெட்டி போகிறது. அதற்குள் யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் சொல்லவும்."

பத்து நிமிடத்தில் ஜெரின்: "ஞாயித்துக்கெழம வாறேன்."

சாதிக் 'டைப் செய்கிறார்' என்று மட்டும் கொஞ்ச நேரம் காட்டியது. பிறகு அதுவும் போய்விட்டது.

அக்டோபர் 26, சனி

வீட்டைத் துடைத்தேன். எப்படியும் துடைக்க வேண்டியதுதான். மூன்று கண்ட்ரோலரையும் முழு சார்ஜில் போட்டேன். நேந்திரங்காய் சிப்ஸ் நல்லது கிடைக்காமல் கந்தன்சாவடி வரை போய் வாங்கினேன். அந்தப் பக்கம் வேறு வேலையும் இருந்தது.

அக்டோபர் 27, ஞாயிறு

மூன்று மணிக்கு வருவதாகச் சொன்னவன் நான்கே காலுக்கு வந்தான். தொப்பை போட்டிருக்கிறது. சட்டைத் தோளில் வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது. பிள்ளை கக்கியதாம். உள்ளே வந்து சுற்றிப் பார்த்தான்.

"என்னடே வளவா, வீட்ட மியூசியமாட்டு வச்சிருக்க. எனக்க துண்டுகூட அதே கம்பியில கெடக்கு?"

"காயட்டும்னு விட்டேன்."

"ஒன்றர வருசமாவா காயுது?"

சிரித்தான். சிப்ஸைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டான். நான் நேராக விஷயத்துக்கு வந்தேன். ஓட்டுப் போட ஒரு நொடி ஆகும், மூன்று முறை கேட்டேன், ஏன் போடவில்லை என்று கேட்டேன்.

சிப்ஸ் கையை ஜீன்ஸில் துடைத்தான்.

"லேய், நீ என்ன கேட்டிருக்கேன்னு ஒனக்கே தெரியாதா? ரெண்டு கண்ட்ரோலர்னு நான் போட்டா, நானோ சாதிக்கோ ஒருத்தன் இனி வேண்டாம்னு நானே சொன்ன மாதிரி. மூணுன்னு போட்டா வந்து வெளையாடணும். எங்கல வர? எட்டு மணிக்குப் பிள்ள ஒறங்கினா நானும் கூட ஒறங்குறேன். சாதிக் பெங்களூர்ல கெடக்கான். வர ஏலாதவன் மூணுன்னு எப்படிக் குத்துவான்? அவனும் நானும் இதப்பத்தி அரை மணிக்கூர் போன்ல பேசினோம்டே. ஒரு பெட்டிக்கு."

நான் கேட்டது கண்ட்ரோலர் எண்ணிக்கையைத்தான். அதைச் சொன்னேன்.

"ஆமா ஆமா. நீ எப்பவும் எண்ணிக்கையத்தான் கேப்பே."

பிறகு சிப்ஸ் பாக்கெட்டை மடித்துக்கொண்டே, "ஏற்காடு மெசேஜப் பாத்தியா?" என்றான்.

"அதான் டெலிட் ஆயிடுச்சே."

"பாத்தியான்னு கேட்டேன்."

"பாத்தேன்."

"சாதிக் ஒனக்கும் சேத்து ரூம் போடுவோம்னுதான் சொன்னான். நாந்தான் வேண்டாம்னேன். அவன் மேல கோவப்படாத." அவனே தொடர்ந்தான். "ரெண்டு பொம்பளைங்க, ஒரு பிள்ள, பால் புட்டி, டயப்பர். அதுக்கு நடுவுல நீ என்னல செய்வே? அந்த ரிசார்ட்டுக்கு வைஃபை சரிபண்ணிக் குடுத்துட்டு வந்திருப்பே."

"ஒங்க வீட்டு வைஃபை மோசமாத்தான் இருந்துச்சு."

"ஏப்ரல்ல பிள்ளையப் பாக்க வந்தவன் ரெண்டு மணிக்கூர் பரண்ல ஏறி ரவுட்டர மாத்தி மாட்டிட்டு, டீயக்கூடக் குடிக்காம போனே. பின்சி இன்னைக்கும் கேப்பா, ஒங்க கூட்டுக்காரர் பிள்ளையப் பாக்க வந்தாரா ரவுட்டரப் பாக்க வந்தாரான்னு. நான் சொல்லுவேன், அவனுக்கு ரவுட்டர்தான் பிள்ளைன்னு."

இதற்கும் அவனே சிரித்தான். வேகம் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "சும்மா பறக்குது. அதச் சொல்லணும்" என்றான். போனில் குழந்தையின் படத்தைக் காட்டினான். ஏற்காட்டில் ஏரி முன்னால் எடுத்தது, தலையில் பெரிய தொப்பி. என்ன எடை என்று கேட்டேன். "எடையா? ஒம்பது கிலோ காணும்" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

பெட்டியைப் போட்டேன். கப்பல் அதே இடத்தில் நின்றது. "அட, இத நீ இன்னும் வச்சிருக்கியா?" என்று குரல் இறங்கிக் கேட்டான். சுக்கானை அவனிடம் கொடுத்தேன். நான் கரி. மூன்றாவதைத் தரையில் வைத்துக் காலை வைத்தேன். அவன் என் காலைப் பார்த்தான், திரையைப் பார்த்தான்.

"என்னல செய்யுக?"

"ஓட்டை அடைக்கிறேன்."

"காலு வச்சா?"

"பழகிடுச்சு."

அவ்வளவுதான். சோபாவில் சாய்ந்து கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தான். சுக்கானை விட்டுவிட்டான். கப்பல் நேராகப் பாறையில் போய் முட்டியது. "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்றான். இரண்டாவது முறை ஒழுங்காகப் போனோம். சரியாக அந்த இடத்தில் இரண்டு பேரும் சேர்ந்து "ஒடி ஒடி ஒடி" என்று கத்தினோம். பாறையை உரசிக்கொண்டு கப்பல் பாதி தாண்டியது. என் கால் விரல் வழுக்கியது. பின்பக்கத்தில் தண்ணீர் ஏறி மூழ்கிவிட்டது. படம் கூழ் மாதிரிதான் இருந்தது. ஆனால் பாறை நன்றாகத் தெரிந்தது. எழுதி வைக்கிறேன்: பாறை தெரியாமல் இருந்ததே இல்லை.

மூன்றாவது முறை தொடங்கும்போது அவனுக்குப் போன். ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணா, நல்லா இருக்கியளா? சாப்பிட்டியளா?" என்றது பின்சியின் குரல். பின்னால் குழந்தை கத்திக்கொண்டிருந்தது. "இவியள அனுப்பி விடுங்க அண்ணா, பிள்ள கையவிட்டு எறங்க மாட்டேங்கு. என்ன சத்தம், அந்தக் கப்பலா? அத எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காவ, போன்ல வாறதுல ரெண்டு பேரே ஆடலாம். கரி நான் போடுவேன்."

"நல்லா போடுவா. ஒன்னவிட நல்லா" என்றான் ஜெரின்.

வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்டான், "நாங்கதான் எப்பவும் வரணுமாடே? பெருங்களத்தூர் என்ன அமெரிக்காவுலயா கெடக்கு?" ரேடியல் ரோட்டில் டிராபிக் எப்படி என்று சொன்னேன். கேட்டுக்கொண்டான். "ஓட்டுப் போட்டுட்டுப் போறேன்" என்று போனை எடுத்தான். என்ன நினைத்தானோ, திரும்பப் பையிலேயே போட்டுக்கொண்டான்.

துண்டை எடுத்துக்கொண்டு போனான். கம்பி காலி.

அக்டோபர் 28, திங்கள்

மாவு புளித்துவிட்டது. ஊத்தப்பம்.

அக்டோபர் 29, செவ்வாய். மாலை 6.10

ஐந்தரைக்கு ஆள் வருவதாக மெசேஜ். ஐந்து மணிக்குப் பெட்டியைக் கழற்ற உட்கார்ந்தேன். முதலில் பவர், பிறகு டிவி ஒயர். ஐந்து வருடத்தில் இதை நான் கழற்றியதே இல்லை. வாங்கிய அன்று சாதிக் மாட்டினான், அன்றிலிருந்து அங்கேயே இருக்கிறது. அடியில் தூசி படியாத ஒரு சதுரம், உள்ளங்கை அகலம்.

கையில் எடுத்தேன். எடையே இல்லை. சோப்புக் கட்டி அளவு. சட்டைப் பையில் போட்டுப் பார்த்தேன், உட்கார்ந்தது.

இதன் அளவு, எடை, எத்தனை வாட் இழுக்கும், எல்லாம் எனக்குத் தெரியும். மூன்று வாரமாக இதைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். இதைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று ஒருமுறையும் தோன்றவில்லை. எந்த டிவியில் செருகினாலும் கப்பல் வரும். பெருங்களத்தூரில் டிவி இருக்கிறது. ஏப்ரலில் அதன் பின்பக்கம்தான் நான் ஒயர் இழுத்தேன்.

பெட்டி சுவரோடு இருப்பது என்று நானே வைத்துக்கொண்டேன். ஆட்கள் அதனிடம் வர வேண்டும் என்றும் நானே வைத்துக்கொண்டேன். நெட்வொர்க் படித்தவன்.

மணி அடித்தது. டெலிவரிக்காரர் வேர்த்து நின்றார். கையில் புதுப் பெட்டி.

"சார், பழைய பீஸ்?"

"இல்லைங்க. கேன்சல்."

"ஆப்புல ஒரு தட்டு தட்டிருந்தா போதுமே சார். மூணு மாடி ஏறி வந்திருக்கேன்."

நியாயம். மன்னிப்புக் கேட்டேன், தண்ணீர் கொடுத்தேன். குடித்துக்கொண்டே என் சட்டைப் பையைப் பார்த்தார். ஒயர் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படி இறங்கினார்.

குழுவில் ஓட்டெடுப்பு இன்னும் திறந்தே இருந்தது. 'பழசு, மூன்று கண்ட்ரோலர்' என்பதில் என் ஓட்டைப் போட்டேன். மொத்தம் ஒன்று. மூன்றில் இரண்டு இல்லை, ஆகவே சட்டப்படி செல்லாது. இருக்கட்டும்.

செய்ய வேண்டியவை:

1. பெட்டி, மூன்று கண்ட்ரோலர், ஒயர் எல்லாவற்றையும் ஒரே பையில் வைக்க வேண்டும். பை கதவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

2. ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு வரலாமா என்று கேட்க வேண்டும். ஜெரினிடம் அல்ல, பின்சியிடம். கரி அவருக்கு, சுக்கான் ஜெரினுக்கு. ஓட்டை நான், கையால்.

3. வேண்டாம் என்றால் அதற்கடுத்த ஞாயிறு. இடைவெளியை இரட்டிக்கக் கூடாது.

4. ரவுட்டரைத் தொடக் கூடாது. விளக்கு சிவப்பாக எரிந்தாலும்.

5. டீ கொடுத்தால் குடிக்க வேண்டும்.

6. குழந்தையின் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏப்ரலில் சொல்லியிருப்பார்கள். அவர்கள் வீட்டு வைஃபை பாஸ்வேர்டு எழுத்து விடாமல் ஞாபகம் இருக்கிறது, பெயர் இல்லை. ஜெரினிடம் இனிமேல் கேட்க முடியாது. சாதிக்கிடம் கேட்க வேண்டும். மெசேஜில் அல்ல. கூப்பிட வேண்டும். எடுத்தால் முதலில் ஏற்காடு எப்படி இருந்தது என்று கேட்க வேண்டும்.